சின்ன நாய், சின்னக் கடிதானே?

ராஜபாளையம் குட்டி ஒன்று விருந்தாளியின் விரலைக் கவ்வினால், வீட்டில் அன்றைக்கே பஞ்சாயத்து கூடிவிடும். ஒன்றரைக் கிலோ பொமரேனியன் குட்டி அதையே செய்தால் ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுப்பார்கள். சேலத்தில் பேர்லேண்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, அம்மாபேட்டைத் தறி வீடுகளிலும் சரி, சின்ன இனக் குட்டிகளின் கடிப் பழக்கம் இந்தச் சிரிப்பில்தான் வேர் பிடிக்கிறது. வலி பெரிதாக இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்தபிறகு அதே வாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தில் பதிந்தால், "இந்த ஜாதி நாயே இப்படித்தான்" என்று பழி இனத்தின் தலையில் விழுகிறது.

குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாத வாக்கில் வரிசை நிரம்பிவிடும். தாடையில் பலமில்லாத வயது. ஆனால் பல் மட்டும் படு கூர்மை. லேசாகக் கவ்வினாலே சுரீர் என்கிறது. அதனால்தான் உடன்பிறந்த குட்டியைக் கொஞ்சம் அழுத்திக் கடித்ததும் அது வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டிலிருந்து விலகிக்கொள்கிறது. அளவு மீறினால் தாயும் எழுந்து போய்விடும். கடித்தால் விளையாட ஆளில்லை என்பதைக் குட்டி தெரிந்துகொள்வது இப்படித்தான்.

நம் ஊரில் இந்தப் படிப்பு முடிவதற்குள் குட்டியைப் பிரித்துவிடுகிறோம். "சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று சொல்லி முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. சின்ன இனத்தில் ஐந்து வாரக் குட்டியும் எட்டு வாரக் குட்டியும் கையளவுதான் என்பதால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தாயோடும் மற்ற குட்டிகளோடும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொல்லி மழுப்பினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் தடுப்பூசி போட்ட, பொறுமையான, வளர்ந்த நாய் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதனுடன் பழக விடுங்கள். நாம் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை அது ஒரே உறுமலில் புரியவைத்துவிடும்.

கையும் காலும் பொம்மை ஆகும்போது

அடுத்த தவறு விரலாட்டம். குட்டியின் மூக்குக்கு நேரே விரல்களை ஆட்டுவது, அது பாய்ந்து கவ்வ வரும்போது இழுத்துக்கொள்வது, மறுபடி நீட்டுவது. குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. நகர்வதைத் துரத்துவதும் பிடிப்பதும் அதன் இயல்பு. அதற்கு நம் விரலையே இரையாகக் கொடுத்துவிட்டு, பிறகு "கையைக் கடிக்காதே" என்றால் எப்படி?

காலுக்கும் இதே கதைதான். சின்னக் குட்டி தரையோடு தரையாக இருக்கிறது. அதன் கண் மட்டத்தில் தெரிவதெல்லாம் கணுக்கால், சேலைக் கரை, லுங்கியின் ஓரம். போதாக்குறைக்குக் கொலுசு. கொலுசுக்குப் பேர்போன இந்த ஊரில், நடக்கும்போதெல்லாம் சலங்கைச் சத்தத்தோடு பளபளவென்று ஏதோ ஒன்று குட்டியின் முகத்துக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அது பாய்கிறது, நாம் "ஐயோ" என்று காலை உதறிக்கொண்டு ஓடுகிறோம், சத்தம் இரண்டு மடங்காகிறது. குட்டிக்குக் கொண்டாட்டம்.

கொலுசைக் கழற்றி வைக்கச் சொல்லி நான் வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். வேறு வழி: இடுப்பில் சின்ன டப்பாவில் குட்டியின் வழக்கமான தீனியையே கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடங்கள். குட்டி காலருகே வந்து வாயைத் திறக்காமல் நடக்கும் அந்த நொடியில், பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு தீனியைப் போடுங்கள். மறுபடி நடை, மறுபடி ஒன்று. கொலுசுச் சத்தம் கேட்டால் தரையை மோப்பம் பிடிக்கும் பழக்கம் சில நாளில் வந்துவிடும். பாய்ந்தே விட்டால் அப்படியே நின்றுவிடுங்கள். நிற்கும் கால் அலுப்பான கால்.

பல் தோலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுப்பது எல்லோரும் செய்வது. இழுத்தால் கடி இறுகும், தோலும் கிழியும். கையைத் தளர்த்தி அசைக்காமல் வையுங்கள். குட்டி பிடியை விட்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் குறுக்கே வைத்த பலகைக்கு அப்பால் போய் நில்லுங்கள். திட்ட வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். இருபது, முப்பது எண்ணும் நேரம் போதும். அரை மணி நேரம் தனியே அடைத்தால் எதற்காக அடைத்தோம் என்பதே அதற்கு மறந்துவிடும். திரும்பி வந்து, கைக்குப் பதிலாகக் கடிக்க வேண்டியதை நீட்டுங்கள். பழைய பருத்தி லுங்கியை மூன்று கீற்றாகக் கிழித்து, பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டால் அருமையான கயிறு. முழ நீளமாவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் கடி மறுபடி விரலுக்கே வரும். தரையோடு இழுத்து விளையாடுங்கள். மேலே தூக்கிப் பிடித்துக் குட்டியைத் தொங்கவிடாதீர்கள். சின்ன இனத்தின் கழுத்தும் பல்லும் அதைத் தாங்காது.

வலித்தால் "ஆ" என்று கத்துங்கள் என்ற அறிவுரையும் உலவுகிறது. சில குட்டிகள் திகைத்துப் பிடியை விடுவதுண்டு. ஆனால் சத்தம் கேட்டுக் கூடுதல் குஷியாகும் குட்டிகளே நான் பார்த்ததில் அதிகம். ஒன்றிரண்டு முறை செய்து பாருங்கள். வேகம் கூடினால் விட்டுவிடுங்கள்.

அடித்துத் திருத்துவது

மூக்கில் சுண்டுவது, சுருட்டிய பேப்பரால் தட்டுவது, உதட்டைப் பல்லோடு சேர்த்து அழுத்துவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, கையில் மிளகாய்த் தூள் தடவிக்கொண்டு நீட்டுவது. எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல ஒரு மாமா இருப்பார்: "எங்கள் நாய்க்கு இப்படித்தான் செய்தோம், அடங்கிவிட்டது." அடங்கியது உண்மையாகவே இருக்கலாம். எது அடங்கியது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அடங்குவது உறுமல்.

உறுமல் என்பது நாய் கொடுக்கும் நோட்டீஸ். "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்று அது சொல்வதற்கு அடி விழுந்தால், அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய்களில் பலவும் இப்படி வீட்டிலேயே தயாரானவை. தவிர, தீனி கொடுப்பதும் தடவுவதும் எந்தக் கையோ, அதே கை அடிக்கவும் செய்தால், கை வரும்போதெல்லாம் குட்டி முந்திக்கொள்ளப் பார்க்கும்.

பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களின் வாயை இறுக்கிப் பிடித்து மூடுவது அடிப்பதைவிட ஆபத்தானது. நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வது வாயைத் திறந்து இளைப்பதால்தான். இந்த இனங்களுக்கு மூச்சே தகராறு. சேலத்துச் சித்திரை வெயிலில், துள்ளி விளையாடி இளைத்துக்கொண்டிருக்கும் பக் குட்டியின் வாயைப் பொத்துவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்துப்பட்டையைப் பிடித்து வெட்டி இழுப்பதும் அப்படித்தான். சின்ன இனங்களின் மூச்சுக்குழாய் எளிதில் நசுங்கும். மார்போடு அணைத்துப் போடும் பட்டை வாங்கிவிடுங்கள்.

வருகிறவர் போகிறவர் எல்லாம் தூக்குவது

பெரிய நாய்க்கு இல்லாத துன்பம் ஒன்று சின்ன நாய்க்கு உண்டு. யார் வந்தாலும் அதைத் தூக்குவார்கள். பின்னாலிருந்து, மேலிருந்து, கேட்காமல். குட்டிக்குத் திடீரென்று தரை காணாமல் போகிறது, முகத்துக்கு நேரே முன்பின் தெரியாத ஒரு முகம். ஏற்காடு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஷிட்சு குட்டியோடு நின்று பாருங்கள்; படகுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பாதி அதைக் கை மாற்றி வாங்கிவிடும்.

கடிப்பதற்கு முன் குட்டி வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறது. தலையைத் திருப்புகிறது. உதட்டை நக்குகிறது. உடம்பை விறைத்துக்கொள்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. யாரும் கவனிப்பதில்லை. கடைசியில் கவ்வுகிறது, தூக்கியவர் "ஆத்தாடி" என்று கீழே விட்டுவிடுகிறார். தலை திருப்பியபோது கிடைக்காத விடுதலை கடித்ததும் கிடைத்துவிட்டது. இந்தப் பாடத்தைக் குட்டி ஒரு நாளும் மறக்காது. கடிக்கும் சின்ன நாய்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் விசாரிப்பேன்: ஒரு நாளைக்கு எத்தனை பேர் தூக்குகிறார்கள்?

தரையில் உட்காருங்கள், அது தானாக வரட்டும். தூக்குவதற்கு முன் "தூக்கட்டுமா" என்பது போல் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், மற்றது பின்பக்கத்துக்கு அடியில். தூக்கியதும் ஒரு துளி தீனி. நெளிந்தால் உடனே இறக்குங்கள், பிடிவாதமாக அணைத்துக்கொண்டிருக்காதீர்கள். விருந்தாளிக்கு "தூக்க வேண்டாம், தீனி மட்டும் போடுங்கள்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

இதோடு சேர்த்து, தினமும் பாதம், காது, உதடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஓரிரு நொடி தொட்டு விட்டுவிடுங்கள், ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு தீனி. ஷிட்சுவுக்குத் தினமும் சீவ வேண்டும். நகம் வெட்ட வேண்டும். ஊசி போட வேண்டும். ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். நாய்க் கண்காட்சிகளில் சின்ன இனங்களை மேசைமேல் நிறுத்தி, நடுவர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பது வழக்கம். முன்பின் தெரியாத கைக்கு அந்த நாய்கள் வாயைக் காட்டிக்கொண்டு நிற்பது, குட்டியில் தொடங்கிய இந்தத் தொடுகைப் பழக்கத்தால்தான்.

பசி, தூக்கம், வாய்க்கு என்ன கொடுப்பது

மாலை ஏழு மணிக்குமேல் குட்டிக்குப் பேய் பிடித்தது போலாகிறது என்பார்கள். டியூஷன் முடிந்து பிள்ளைகள், வேலை முடிந்து அப்பா, தொலைக்காட்சிச் சத்தம். அந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டிய உயிர் அது. கண்டதையும் கடித்துச் சுற்றினால் முக்கால்வாசி தூக்கக் கலக்கம்; அரை இருட்டான மூலையில் படுக்க வையுங்கள், அடங்கிவிடும். மிகச் சின்ன இனங்களுக்குப் பசி தாங்காது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். நாளுக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தள்ளாடினாலோ துவண்டாலோ நடுங்கினாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஈறு அரிப்புக்கு, நனைத்துக் குளிர்பெட்டியில் உறைய வைத்த துணி போதும். சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது மாங்கொட்டை. மாம்பழக் காலத்தில் சப்பிப் போட்ட கொட்டையைக் குட்டியிடம் எறிவது நம் கைப்பழக்கம்; அது சின்னக் குட்டியின் தொண்டையிலோ குடலிலோ சிக்கினால் கத்தி வைக்க வேண்டியதுதான். வெந்த கோழி எலும்பு கூடாது. தட்டுவடை செட்டில் ஒரு துண்டு கொடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள்; அதில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். ஏற்காட்டில் தோட்டத்து வீடுகளில் காயவைத்த காப்பிக்கொட்டைப் பக்கமும் விடாதீர்கள். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பும் போகும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நான்கு சட்டம்

அம்மாபேட்டைக் கூட்டுக் குடும்பம் ஒன்று. பேரன் நான் மேலே எழுதியதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறான். குட்டி கையைக் கவ்வினால் எழுந்து போகிறான். அண்ணி "சீ" என்கிறாள், அப்பா "நோ" என்கிறார். தாத்தாவோ நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தபடி, கீழே கால் கட்டைவிரலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார். "தாத்தா, காலை ஆட்டாதீர்கள்" என்றால், "பாவம், அதற்கும் பொழுது போக வேண்டாமா" என்கிறார். அந்தக் குட்டி பேரனின் கையை விட்டுவிட்டது; தாத்தாவின் காலை மட்டும் விடவில்லை. நாய் ஆள் பார்த்துத்தான் நடக்கும். ஒரே சொல், ஒரே செய்கை என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை எந்தப் பயிற்சியும் பாதியில்தான் நிற்கும். பெரியவர்களை மாற்ற முடியாவிட்டால் அவர்கள் கையில் லுங்கிக் கயிற்றைக் கொடுத்துவிடுங்கள், கட்டைவிரலுக்குப் பதில் அது ஆடட்டும்.

மருத்துவர் பார்க்க வேண்டியது

"நம் குட்டிதானே" என்று பல் பட்ட கீறலை அலட்சியம் செய்யாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்றாவது மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் அது எங்கே இருந்தது, எதனோடு பழகியது என்பது பல வீடுகளில் தெரியாது. தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

குட்டி சாப்பாட்டுத் தட்டருகே விறைத்து நின்று முறைத்தாலோ, தொட்ட இடத்தில் மட்டும் திரும்பிக் கடித்தாலோ அது விளையாட்டுக் கடி அல்ல. வலியா, பயமா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். மாவட்டத்தின் கிழக்கே இருப்பவர்களுக்குத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பால் பற்கள் நான்காவது மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். சின்ன இனங்களில் மட்டும் பால் கோரைப்பல் விழாமல் நின்று, புதுப் பல் அதன் பக்கத்திலேயே முளைத்து இரட்டையாகத் தெரிவது சகஜம். இடுக்கில் உணவு தங்கி ஈறு புண்ணாகும், கடிக்கும் ஆசையும் தீராது. ஏழாவது மாதத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். இரட்டைப் பல் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும். கருத்தடை செய்வதாக இருந்தால் அதே மயக்கத்தில் இரண்டையும் முடிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.