மருத்துவ ஆய்வு முடிவுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புதிய மருந்தை 300 பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்கும் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. ஆய்வுச் சுருக்கத்தில் ‘கல்லீரல் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை’ என்ற வரியைப் படித்தவர், இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். முதல் தவறு இங்கேயே நேர்கிறது. இப்படி ஒருவருக்கும் வராத பாதிப்பின் உண்மையான அளவு எதுவரை இருக்கலாம் என்பதை அறியப் புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு: 3 என்ற எண்ணை, ஆராயப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 300 பேர் என்றால் விடை நூற்றில் ஒன்று. அதாவது, நூறு பேரில் ஒருவரைத் தாக்கக்கூடிய பாதிப்புகூட அந்த ஆய்வில் தலைகாட்டாமல் போயிருக்கலாம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு ஒருமுறையாவது கண்ணில் படும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல ஏறத்தாழ 30,000 பேர் தேவை. விற்பனைக்கு வந்த பிறகும் மருந்துகளைக் கண்காணிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எனவே எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும், ‘எத்தனை பேரில், எப்படிப்பட்டவர்களில்?’ என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதே பெரும்பாலான தவறுகளின் வேர்.

ஆய்வை நடுவில் விட்டுச் சென்றவர்களை மறந்துவிடுவதும் அத்தகைய ஒரு தவறு. 200 பேரோடு தொடங்கிய ஆய்வொன்றை 160 பேர் முடித்தார்கள் என்றும், அவர்களில் 8 பேருக்குத் தலைசுற்றல் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 5 சதவீதம் என்று அச்சாகும். ஆனால் விலகிய 40 பேரில் 22 பேர் தலைசுற்றல் தாங்காமல்தான் மருந்தை நிறுத்தினார்கள் என்றால், உண்மைக் கணக்கு 200 பேரில் 30, அதாவது 15 சதவீதம். பக்கவிளைவால் மிகவும் அவதிப்பட்டவர்களே முதலில் விலகுவார்கள் என்பதால், எத்தனை பேர், என்ன காரணத்தால் விலகினார்கள் என்ற பகுதியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

‘இரு மடங்கு ஆபத்து’ என்ற சொற்றொடரை அப்படியே நம்புவதும் தவறுதான். 1995இல் பிரிட்டனில், சில வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பை இரு மடங்காக்குகின்றன என்ற எச்சரிக்கை வெளியானது. ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கு என்று உயர்ந்தது என்பதே அதன் பொருள். அச்சத்தில் பலர் மாத்திரையை நிறுத்தினர். அதைத் தொடர்ந்து கருக்கலைப்புகள் கூடின. அடிப்படை எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் நிதானமாக முடிவெடுத்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எதை எண்ணினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பில் தோன்றும் ஒழுங்கின்மையை என்கைனைடு, பிளெகைனைடு ஆகிய மருந்துகள் நன்றாகவே அடக்கின. ஆகவே உயிரையும் காக்கும் என்று கருதப்பட்டது. மரணங்களை நேரடியாக எண்ணிய பெரிய ஆய்வின் முடிவு 1991இல் முழுமையாக வெளிவந்தபோது, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர்.

நோயறிதல் பரிசோதனைகளில் இதே குழப்பம் இன்னும் ஆழமானது. நோயுள்ள நூறு பேரில் 99 பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயில்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. நோயோ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. ஒரு லட்சம் பேரைச் சோதித்தால், நோயுள்ள 100 பேரில் 99 பேருக்குப் ‘பாசிட்டிவ்’ வரும். நோயில்லாத 99,900 பேரில் 5 சதவீதம், அதாவது 4,995 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். ஆக, 5,094 ‘பாசிட்டிவ்’ முடிவுகளில் உண்மையில் நோயுள்ளவர்கள் 99 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ‘99 சதவீதம் கண்டுபிடிக்கும்’ என்பதை ‘பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் நோய்’ என்று படிப்பவர், தேவையற்ற பயாப்சிக்கும் (திசுவை எடுத்துச் சோதிப்பது) சிகிச்சைக்கும் வழி திறந்துவிடுகிறார். அதே பரிசோதனையை, அறிகுறிகளோடு வந்த, நான்கில் ஒருவருக்கு நோய் இருக்கும் குழுவில் செய்தால், ‘பாசிட்டிவ்’ வந்த நூறு பேரில் ஏறத்தாழ 87 பேருக்கு நோய் இருக்கும். கருவி மாறவில்லை, சோதிக்கப்பட்டவர்கள் மாறியிருக்கிறார்கள்.

இன்னொரு தவறு எளிதில் கண்ணில் படாது. முற்றிய நோயாளிகளை ஒரு பக்கமும் முழு ஆரோக்கியமானவர்களை மறுபக்கமும் நிறுத்தி ஒரு பரிசோதனையை மதிப்பிட்டால், அது கண்டிப்பாகச் சிறப்பாகத் தெரியும். பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய, இரத்தத்தில் சிஇஏ என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை 1969இல் வெளியான ஆய்வில் 36 நோயாளிகளில் 35 பேரைக் காட்டிக்கொடுத்தது. பின்னர் ஆரம்பநிலைப் புற்றுநோயிலும் பிற நோய்களுள்ளவர்களிடமும் பயன்படுத்தியபோது அந்தத் துல்லியம் நிலைக்கவில்லை. ஆகவே பரிசோதனை ஆய்வைக் கையில் எடுத்ததும், துல்லியச் சதவீதத்துக்கு முன்பாக, பங்கேற்பாளர்கள் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்ற பத்தியைத்தான் படிக்க வேண்டும். சந்தேகத்தோடு வந்த அனைவரும் வரிசையாகச் சேர்க்கப்பட்டார்களா, அவர்கள் எல்லோருக்கும் உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்யப்பட்டதா, அல்லது ‘பாசிட்டிவ்’ வந்தவர்களுக்கு மட்டும் செய்யப்பட்டதா என்பது அங்கேதான் இருக்கும்.