எருக்கை வெட்டிவிட்டு வண்ணத்துப்பூச்சி தேடுபவர்களுக்கு

வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்கும் பலருக்கு முதலில் பழகுவது வெந்தய வரியன். ஆரஞ்சுச் சிறகு, கறுத்த முனையில் வெள்ளைப் புள்ளிகள், அவசரமே இல்லாத பறத்தல். மேய்ச்சல் தரை, தரிசு, ரயில் பாதையோரம் என வெயில் விழும் புல்வெளிகளில் எல்லாம் இருக்கும். புதியவர்கள் அதை விரட்டிக்கொண்டு ஓடுவது நாளடைவில் தானாகவே நின்றுவிடும். கீழே உள்ள தவறுகள் அப்படி நிற்பதில்லை.

எருக்கைக் களையென்று வெட்டுவது

நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஒரு கல்லூரி வளாகத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமைக்க யோசனை கேட்டு அழைத்திருந்தார்கள். நான் போவதற்குள் பொக்லைன் விட்டு நிலத்தைச் சமப்படுத்தியாயிற்று. வேலியோரம் குவித்திருந்த எருக்கஞ்செடிகளில், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட வெந்தய வரியன் புழுக்கள் வாடிய இலையை இன்னும் தின்றுகொண்டிருந்தன. பக்கத்திலேயே நடுவதற்கு இட்லிப்பூச் செடிகளும் புங்கங்கன்றுகளும்!

பூ இருந்தால் போதும் என்ற நினைப்புதான் காரணம். தேன் வளர்ந்த பூச்சிக்கு. புழுவுக்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான் வேண்டும். தாய்ப்பூச்சி ஒவ்வொரு முட்டையாக இலையில் ஒட்டிச் செல்லும். சில நாளில் பொரியும் புழு முதலில் முட்டை ஓட்டைத் தின்னும். வளர்ந்த பிறகு இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு மேயும். நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகும். எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் சேர்வதால்தான் பறவைகள் அதைத் தொடத் தயங்குகின்றன. செடி போனால் உணவும் காவலும் சேர்ந்தே போகும். புங்கன் நல்ல மரம்தான். ஆனால் அதன் நிழலில் எருக்கு தழைக்காது.

காய்ந்த தேள்கொடுக்குச் செடியையும் பிடுங்காதீர்கள். பெண்ணை ஈர்க்கும் மணத்துக்கான சரக்கை ஆண்பூச்சிகள் அதிலிருந்து உறிஞ்சுகின்றன.

அந்த வளாகத்தில் இப்போது தோட்டத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது.

புழுவைப் பாட்டிலில் வளர்ப்பது

கூட்டுப்புழு தொங்கக் குச்சியும் சிறகு விரிக்க இடமும் இல்லாவிட்டால், பூச்சி சுருங்கிய சிறகோடுதான் நிற்கும்.

கறுத்த கூட்டை எறிவது

பச்சைக் கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சு தெரிந்தால் பூச்சி வெளிவரும் நேரம் அது. கை வைக்காதீர்கள்.

எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தேய்ப்பது

கூடவே கூடாது.

பார்த்ததையெல்லாம் வரியன் என்பது

வரியனைப் போலவே வேடமிட்ட பெண்பூச்சி ஒன்று உண்டு. வேறு இனம், பருப்புக்கீரையில் முட்டையிடும். பின்சிறகின் நடுப்பகுதியில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வரியன். முன்விளிம்பில் ஒன்று மட்டும் இருந்தால் இந்த வேடக்காரி. இவளுடைய ஆணோ கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளை வட்டங்களோடு, சொந்தம் என்றே சொல்ல முடியாதபடி இருப்பான்.