கேம்பாய்க்கு முதல் நிரல்: ஒரே டைலால் திரையை நிரப்புவது

1989-இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான பழைய கேம்பாயில் ஓடும் மிகச் சிறிய நிரல் இது. 8×8 புள்ளிகள் கொண்ட ஒரு டைலை வரைந்து திரை முழுக்கப் பரப்புகிறோம். அசெம்பிளி நிரலைக் கேம்பாய்க்கான கோப்பாக்கும் ஆர்ஜிபிடிஎஸ் (RGBDS) தொகுப்பும், கணினியிலேயே கேம்பாயைப் போல இயங்கும் எமுலிசியஸ் எமுலேட்டரும் போதும். சி மொழியில் எழுத ஜிபிடிகே (GBDK) என்ற தொகுப்பு இருக்கிறது. ஆனாலும் முதல் நிரலை ப்ராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளியிலேயே எழுதுங்கள். நாம் புரிந்துகொள்ள வேண்டியவற்றைத்தான் சி மறைத்துவிடுகிறது.

1. நிரல் 0100 முகவரியில் தொடங்கும் (இங்கே நான்கு இலக்க முகவரிகள் எல்லாம் ஹெக்ஸாடெசிமல், அதாவது 16 அடிமான எண்கள்; எண்ணிக்கைகள் வழக்கமான எண்கள்). அங்கே 4 பைட்தான் இடம்; 0150-க்குத் தாவும் கட்டளையை மட்டும் வையுங்கள். இடையிலுள்ள ஹெடர் பகுதியை (நிரலைப் பற்றிய தகவல்களுக்கான இடம்) காலியாக ஒதுக்குங்கள்.

2. திரையை அணையுங்கள். படம் வரையும் நேரத்தில் வீடியோ நினைவகத்தில் எழுதினால் பதியாமல் போகும். கருவி வரைந்துகொண்டிருக்கும் வரியின் எண் 144-ஐத் தொடும்வரை, அதாவது ஒரு படம் முழுதும் வரைந்து முடியும்வரை, காத்திருந்து அணைக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் அணைத்தால் நிஜக் கருவியின் திரையே பழுதாகலாம்.

3. டைலின் 16 பைட்டுகளை 8000-இல் எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த டைல் என்று சொல்லும் பட்டியல் 9800-இல் தொடங்குகிறது; நம் டைலின் எண் பூஜ்யம் என்பதால், பிறகு அங்கிருந்து 1024 பைட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பூஜ்யமாக்குங்கள். இதை விட்டால் கருவி தொடங்கும்போது காட்டிய நிண்டெண்டோ லோகோ அப்படியே நிற்கும்.

பலர் சிக்குவது இந்தச் சுற்றில்தான். 1024-ஐ எண்ண, ப்ராசஸருக்குள் எண்களை வைக்கும் ரெஜிஸ்டர்களில் பி, சி இரண்டும் சேர்ந்த 16 பிட் ரெஜிஸ்டர் வேண்டும். அதில் ஒன்றைக் குறைத்தால், விடை பூஜ்யமா என்று காட்டும் பூஜ்யக் கொடி மாறாது! குறைத்த கையோடு ‘பூஜ்யமில்லை என்றால் தாவு’ என்று எழுதினால், ஒரே கட்டத்தோடு சுற்று முடிந்துவிடும், அல்லது முடியவே முடியாது. பி-யை ஏ என்ற ரெஜிஸ்டருக்கு நகலெடுத்து, சி-யுடன் ‘ஆர்’ (OR) செய்த பிறகே தாவுங்கள்; இரண்டுமே பூஜ்யமானால்தான் விடை பூஜ்யமாகும், கொடியும் அதைக் காட்டும். ஏ-வின் மதிப்பு இதில் அழிவதால், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதைப் பூஜ்யமாக்குங்கள்.

4. நிறத்தட்டுக்கு 11100100, திரைக் கட்டுப்பாட்டுக்கு 10010001 என்ற இருமக் குறியீடுகளைக் கொடுங்கள். கடைசியில் தன்னிடமே தாவும் ஒரு கட்டளை.

5. ஆர்ஜிபிடிஎஸ் தொகுப்பிலுள்ள ஆர்ஜிபிஏஎஸ்எம் (நிரலை மொழிபெயர்ப்பது), ஆர்ஜிபிலிங்க் (ஒரே கோப்பாக இணைப்பது), ஆர்ஜிபிஃபிக்ஸ் (ஹெடரை நிரப்புவது) மூன்றையும் இதே வரிசையில் ஓட்டுங்கள். கடைசியானதைத் தவிர்த்தாலும் பல எமுலேட்டர்களில் நிரல் ஓடும். நிஜக் கருவியில் ஓடாது. 0104-இல் தொடங்கும் 48 பைட் லோகோவும் ஹெடர் செக்சம்மும் (ஹெடரைச் சரிபார்க்கும் எண்) சரியாக இருந்தால்தான் கருவி நம் நிரலுக்கு வழிவிடும்.

பின்சேர்க்கை: திரையில் கோடுகோடாகக் குப்பை தெரிந்தால் 4-ஆம் படியின் கடைசித் தாவும் கட்டளையைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ப்ராசஸர் காலி இடத்துக்குள் போகும். அங்கே 255 நிரம்பியிருந்தால், அதை 0038-ஐ அழைக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அங்கும் 255 என்றால் அழைப்பு ஓயாது. ஒவ்வோர் அழைப்பிலும் திரும்ப வேண்டிய முகவரியைச் சேர்த்துவைக்கும் ஸ்டாக் கீழே வளர்ந்து வீடியோ நினைவகத்தையும் அழித்துவிடும்.