ஆங்கில வகுப்புக்குப் போகும் பெரியவருக்குக் கணினி பழக்குவது: ரொறன்ரோக் குடும்பங்களுக்கு

கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்ற பெரியவர்களுக்கு மத்திய அரசின் ‘லிங்க்’ (LINC) என்ற ஆங்கில வகுப்பு இலவசம். ஆனால் வகுப்புத் தகவலும் ஆசிரியரின் பாடமும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. வைபரில் ஊரோடு மணிக்கணக்காகப் பேசும் அம்மா, விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கையை மடியில் வைத்துக்கொள்கிறார். பிள்ளை பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் தானே அழுத்திக் கொடுத்தால் அந்தக் கை மடியை விட்டு எழும்பாது. சொல்லிக் கொடுப்பவர் மவுஸைத் தொடக்கூடாது. ஐந்து நிமிடம் பிடித்தாலும் கற்பவரே அழுத்தட்டும்.

வீட்டில் கணினி இல்லையென்றால் ரொறன்ரோ பொது நூலகம் போதும். நகரில் 100 கிளைகள் உண்டு. ஸ்காபரோவில் மல்வேர்ன், சீடார்பிரே போன்றவை தமிழருக்குப் பழக்கமானவை. பெயரும் முகவரியும் உள்ள அடையாளத்தோடு போய் நூலக அட்டை எடுத்துவிட்டால் கணினியைப் பயன்படுத்தலாம். எழுதியதை அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது, அடுத்தவருக்காக அது அழிக்கப்படும். எழும்புமுன் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி, கணக்கில் இருந்து வெளியேறிவிட வேண்டும்.

வீட்டு இணையத்துக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முதியோருக்கும் ‘கனெக்டிங் ஃபாமிலீஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் கொடுப்பனவையோ முதியோருக்கான வருமான உதவியையோ முழு அளவில் பெறுபவர்களுக்கு உரியது. தகுதி உள்ளவர்களுக்குக் குறியீட்டு எண்ணோடு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மடிக்கணினியின் தொடுதட்டில் தொடங்க வேண்டாம். கம்பி உள்ள சாதாரண மவுஸ் ஒன்றைச் செருகுங்கள். இரட்டைக் கிளிக் பலிக்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டாவது அழுத்தலில் கை சற்று நகர்கிறது, கணினி அதை இழுத்தலாக எடுத்துக்கொள்கிறது. மணிக்கட்டை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். அமைப்புகளில் இரட்டைக் கிளிக் வேகத்தையும் குறைத்துவிடுங்கள். இணையப் பக்கத்தில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறி. பழைய அளவுக்குத் திரும்ப கொன்ட்ரோலும் பூச்சியமும்.

கனடாவில் அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறு இது. நேற்று வரை ஷிஃப்ட்டும் 2ம் சேர்த்தால் வந்த அட் குறி இன்று வரவில்லை, மேற்கோள் குறி வருகிறது. கேள்விக்குறி இருந்த விசையில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஈ’ (é) விழுகிறது. கணினி பழுதாகவில்லை. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசை தெரியாமல் பட்டு, விசைப்பலகை கனடிய பிரெஞ்சுக்கு மாறிவிட்டது. அதே இரண்டையும் மறுபடி அழுத்தினால் ஆங்கிலத்துக்குத் திரும்பும். இது தெரியாமல் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடித்துக் கணக்கு முடங்கிப் போனவர்கள் பலர்.

கடவுச்சொல்லில்தான் மிக அதிகமானோர் தடுக்கி விழுகிறார்கள். ஒருவருக்கே நான்கு ஜிமெயில் கணக்கு இருப்பதைப் பார்க்கலாம். ‘சைன் இன்’ என்றால் இருக்கும் கணக்குக்குள் போவது, ‘சைன் அப்’ என்றால் புதிதாகத் திறப்பது. இந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் புதுக் கணக்குத் திறக்கப்படுகிறது. ஆசிரியரின் கடிதமோ பழையதில் கிடக்கிறது. முதல் நாளே இவற்றைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இதே காரணத்தால் திரையை ஆங்கிலத்திலேயே விடுவது நல்லது. நெக்ஸ்ட், பேக், கான்சல், சப்மிட் எல்லாம் வகுப்புக்கும் வேண்டிய சொற்கள்.

கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைக்கலாம், தவறில்லை. பெரிய எழுத்தின் கீழே கோடு இழுங்கள், பூச்சியத்துக்குக் குறுக்கே கோடு போடுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரு எண்ணும் சேர்ந்தால் நினைவிலும் நிற்கும். கணக்கை மீட்கும் தொலைபேசி எண் கற்பவருடையதாகவே இருக்கட்டும். மகனின் எண்ணைக் கொடுத்தால், அவர் வேலையில் நிற்கும்போது சரிபார்ப்புக் குறியீடு அவருடைய சட்டைப் பைக்குத்தான் போகும். அந்தக் குறியீட்டை யாராவது போனில் கேட்டால், வங்கி என்றாலும் வரித் திணைக்களம் என்றாலும், சொல்லாமல் வைத்துவிட வேண்டும்.

போனில் மின்னஞ்சல் முகவரி அடிக்கும்போது, மேலே தோன்றும் பரிந்துரையைத் தட்டினால் கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்ந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாது, படிவம் மட்டும் ஏற்காது. ஒருமுறை அழிப்பு விசையை அழுத்திப் பாருங்கள்.

பெயர்க் கட்டம் நமக்கே உரிய சிக்கல். தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே எழுதிப் பழகியவர்கள், ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்றதும் முதலில் வரும் பெயரை எழுதுகிறார்கள். வதிவுரிமை அட்டையில் குடும்பப் பெயராக எது இருக்கிறதோ அதுதான் ‘லாஸ்ட் நேம்’. எழுத்துக்கூட்டலும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரே பெயர் மட்டும் இருந்தால் நீங்களாக ஒன்றை உருவாக்காமல் பதிவு அலுவலரிடம் கேளுங்கள்.

அஞ்சல் குறியீடு எழுத்து, எண், எழுத்து, இடைவெளி, எண், எழுத்து, எண் என்றே வரும். ஸ்காபரோ என்றால் ‘எம்’மும் 1ம் முதலில். கனடியக் குறியீட்டில் ‘ஓ’, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஆகவே வட்டமாகத் தெரிவது பூச்சியம், ஒற்றைக் கோடு 1. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் போகாது.

முதல் பயிற்சிக்கு உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள்: நாளை வகுப்புக்கு வரமுடியாது என்று ஆசிரியருக்கு இரண்டு வரி. தலைப்பில் கற்பவரின் பெயரும் நாளும் வரட்டும். காரணத்தை ஒரே வசனத்தில், இறந்த காலமா எதிர்காலமா என்று யோசித்து எழுதட்டும். பிழை இருந்தாலும் நீங்கள் திருத்தாமல் அனுப்ப விடுங்கள், திருத்துவது ஆசிரியரின் வேலை. மூன்று நாள் கழித்து அதே கடிதத்தை வேறு காரணத்தோடு மறுபடி எழுதச் சொல்லுங்கள், அப்போது நீங்கள் அடுத்த அறையில் இருங்கள்.