சிடி டிரைவ் இல்லாத கணினியில் லினக்ஸ்: என் அனுபவம்

பழைய கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட வேண்டியிருந்தது. சிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியிலிருந்தும் பூட் ஆகவில்லை. ஆனால் நெட்வொர்க் கார்டில் பிஎக்ஸ்இ வசதி, அதாவது நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும் வசதி, இருந்தது. சரி, அது போதும் என்று கேபிளை ரவுட்டரில் செருகினேன். (இதற்கு வைஃபையை நம்ப வேண்டாம்.)

லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில், நெட்வொர்க் வழி பூட் செய்ய உதவும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை நிறுவினேன். ஐபி முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டர் ஏற்கெனவே செய்கிறது. அதே வேலைக்கு இன்னொரு சர்வர் (டிஎச்சிபி சர்வர்) வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் பிராக்ஸி முறையில் வைத்தேன். முகவரியை ரவுட்டர் தரும். பூட் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சொல்லும். உண்மையிலேயே அருமையான வசதி. நெட்வொர்க் வழியே நிறுவலைத் தொடங்க உதவும் டெபியனின் நெட்பூட் தொகுப்பை டிஎஃப்டிபி (பூட் கோப்புகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) ஃபோல்டரில் விரித்து வைத்தேன்.

பழைய கணினியைப் பூட் செய்தால் ‘பிஎக்ஸ்இ-இ32’ என்று நின்றுவிட்டது. கோப்பைக் கேட்டும் பதில் வரவில்லை என்று பொருள். டிஎன்எஸ்மாஸ்கின் அமைப்புக் கோப்பை ஒரு மணி நேரம் புரட்டினேன். அதில் பிழையே இல்லை. மடிக்கணினியின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு) யூடிபி 67, 4011 போர்ட்களை, அதாவது இணைப்பு வாயில்களை, திறந்தவன், டிஎஃப்டிபிக்கான 69-ஐ விட்டிருக்கிறேன்! திறந்ததும் நிறுவல் மெனு வந்தது. அப்புறம் மீதி எல்லாம் இணையத்திலிருந்தே இறங்கின.