பத்துக் குஞ்சு, ஒரு குறிப்பேடு: இளையோர் மன்றத்தில் கோழி வளர்ப்புத் திட்டம் நடத்தும் முறை

கிராமத்து இளையோர் மன்றம் பல இடங்களில் தொடக்க விழாவோடு படுத்துவிடுகிறது. பேச்சு நிறைய இருக்கும். பிள்ளைகளின் கையில் வேலை இருக்காது. ஆளுக்கொரு வேலையும் அதற்கொரு கணக்கும் கொடுத்துவிட்டால் மன்றம் தானாக நடக்கும். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலையாக எட்டு வாரக் குஞ்சு வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்துக் குஞ்சு. ஐந்தாக இருந்தால் இரண்டு செத்ததும் கணக்கு பொருளற்றுப் போகும். இருபத்தைந்தாக இருந்தால் வேலை அப்பா அம்மா தலையில் விழும்.

இப்படி அளவைச் சுருக்குவது பழைய உத்தி. 1902இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி சிறுவர் சிறுமியருக்கான வேளாண் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் 4-ஹெச் என்ற இளையோர் அமைப்பாக வளர்ந்த இயக்கத்தின் வேர்களில் அது ஒன்று. 1910இல் தென் கரோலினாவில் ஆசிரியை மேரி குரோமர் தொடங்கிய தக்காளிக் குழுவில் ஒவ்வொரு சிறுமிக்கும் ஓர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம்தான். 1921இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஹெமியாக் என்ற ஊரில் எழுந்த இளம் உழவர் மன்றம் கன்று வளர்ப்பில் தொடங்கியது. புதிய முறைகளைப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்காத காலத்தில், பிள்ளைகளின் சின்னப் பாத்தியில் விளைந்ததைப் பார்த்துத்தான் பலர் மனம் மாறினார்கள். அதனால் வேலை முழுதும் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். பொறுப்பாளர் கேள்வி கேட்கலாம், கூடையைத் தூக்கக் கூடாது.

குஞ்சு வருவதற்கு முன்

மன்றத்து உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே நாளில் பொரித்த, ஒரே இனக் குஞ்சுகளை ஒரே நாளில் வாங்குங்கள். அப்போதுதான் எடையை ஒப்பிட முடியும். தடுப்பூசி இன்னொரு காரணம். வெள்ளைக்கழிச்சல் என்ற கொடிய கோழி நோய்க்கான உயிருள்ள தடுப்பு மருந்து நூறு டோஸுக்குக் குறையாத புட்டிகளில்தான் பெரும்பாலும் வரும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள், பனிக்கட்டி மேல் வெயில் படாமல் வைத்துப் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு புட்டியை உடைக்க யாருக்கும் மனம் வராது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே காலையில் வேலை முடிந்துவிடும். முதல் சொட்டு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாளில், கண்ணிலோ மூக்கிலோ விடப்படும். அடுத்தடுத்த நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அட்டையையோ தகட்டையோ வளைத்து, ஒரு மீட்டர் குறுக்களவும் 45 செ.மீ. உயரமும் உள்ள வட்டத் தடுப்புச் செய்ய வேண்டும். சதுரப் பெட்டி வேண்டாம். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளது மூச்சுத் திணறிச் சாகும். தரையில் 5 முதல் 8 செ.மீ. வரை உமி அல்லது மரச்சீவல் பரப்புங்கள். நுண்ணிய மரத்தூளைத் தீவனம் என்று கொத்தித் தின்றுவிடும். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்து, குஞ்சு நிற்க முடியாமல் போகும். அந்த ஊனம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும்.

வெப்பத்துக்கு 60 வாட் பல்பு ஒன்றைவிட 40 வாட் பல்பு இரண்டு நல்லது. நள்ளிரவில் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி விளக்கில் வெளிச்சம்தான் கிடைக்கும், குஞ்சைக் காக்கும் சூடு கிடைக்காது. மின்கம்பியைப் பிடித்தே பல்பைத் தொங்கவிடாமல், தனிச் சங்கிலியிலோ இரும்புக் கம்பியிலோ கட்டுங்கள். அவிழ்ந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். 30 செ.மீ. உயரத்தில் தொடங்கி, குஞ்சின் முதுகு மட்டத்தில் வெப்பமானியை வைத்து, ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே விளக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, ஐந்தாம் வாரம் 23 அளவில் வந்தால், இறகு மூடிய குஞ்சுக்கு விளக்கு தேவைப்படாது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளை நம்பலாம். விளக்கின் கீழ் நெருக்கிக்கொண்டு கீச்சிட்டுக் கத்தினால் குளிர். வட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, இறக்கையைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது என்று பொருள். அங்கே ஒரு சாக்கைக் கட்டுங்கள். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் விளக்கைத் தொட வேண்டாம். தினமும் இரவு படுக்கப் போகுமுன் குஞ்சுகள் படுத்திருக்கும் அமைப்பைப் பிள்ளை குறிப்பேட்டில் படமாக வரையட்டும். எழுத்தைவிட இது சீக்கிரம் வேலைக்காகும்.

குஞ்சு வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர். ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை நனைத்துவிட்டால் வழி தெரிந்துகொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம். முதல் வாரம் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், விழுந்து நனையாது. தீவனம் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் கால்வாசி உமிக்குள் போய்விடும், பிள்ளையின் கணக்கும் அதோடு போகும். தட்டின் விளிம்பும் தண்ணீர்க் குவளையின் விளிம்பும் எப்போதும் குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். வாரா வாரம் செங்கல்லோ பலகையோ வைத்து உயர்த்துங்கள்.

முதல் வாரத்தில் ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். பல குஞ்சுகளில் இது தெரிந்தால் வெப்பத்தைத்தான் முதலில் சரிபாருங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை அஞ்ச வேண்டியது இரத்தக்கழிச்சல். எச்சத்தில் இரத்தம், சிலிர்த்த இறகு, ஒதுங்கித் தூங்குதல் இவை அறிகுறிகள். எச்சத்தோடு வெளியேறும் இதன் ஒட்டுண்ணி ஈர உமியில்தான் தொற்றும் நிலைக்கு வரும். தண்ணீர்க் குவளையைச் சுற்றியுள்ள ஈர உமியைத் தினமும் அள்ளி வெளியே கொட்டுவதே பாதிக் காப்பு. உமியைக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். நோய் தெரிந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஓரிரு நாள் தாமதமும் பாதிக் குஞ்சைக் கொண்டுபோய்விடலாம்.

இடமும் வளர வேண்டும். நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி போதும், எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி. நெருக்கினால் ஒன்றை ஒன்று கொத்தும். இரத்தம் பார்த்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். காயம்பட்டதை உடனே தனியாக எடுத்துவிடுங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு நாளும் தேதி, போட்ட தீவனம் கிராமில், இறப்பு, அன்று கண்டது ஒரு வரி. வாரத்தில் ஒரு நாள் எடை. அது எப்போதும் அதே கிழமை, காலையில் தீவனம் போடுவதற்கு முன். தீனிப்பை நிறைந்திருந்தால் எடை பொய் சொல்லும். ஒரு நாள் குஞ்சு சுமார் 40 கிராம்தான். தொங்கவிடும் வில் தராசு இதற்கு ஆகாது, சமையலறை டிஜிட்டல் தராசும் ஒரு கிண்ணமும் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து காலில் வண்ண வளையம் போட்டுத் தனித்தனியாக எடை பாருங்கள். கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சதைக்குள் இறங்கிவிடும்.

நான்காம் வார முடிவில் கணக்கு இப்படி வரும் என்று வையுங்கள். போட்ட தீவனம் 6,300 கிராம், தட்டில் மிச்சம் 300, தின்றது 6,000. பத்துக் குஞ்சின் மொத்த எடை 2,800, வந்த நாளில் 400, கூடியது 2,400. 6,000ஐ 2,400ஆல் வகுத்தால் 2.5. ஒரு கிலோ எடை கூட இரண்டரைக் கிலோ தீவனம் என்று பொருள். ஒருவருக்கு 2.5 வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 3.4 வந்தால் மன்றத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் காரணம் சிந்திய தீவனம், எலி, அல்லது குளிர். சூடு காக்கவே தீவனத்தைச் செலவழித்த குஞ்சு எடை கூடாது.

பேனாவால் எழுதச் சொல்லுங்கள். தவறினால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் எழுதினால் போதும். திட்ட முடிவில் நடக்கும் கண்காட்சிக்கு முந்தைய இரவு அழகாகப் படியெடுத்த குறிப்பேடு பார்த்த உடனே தெரிந்துவிடும். எல்லா நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, எச்சக் கறை ஒன்றுகூட இல்லை.

கூட்டமும் செய்து காட்டலும்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். தலைவர், செயலர், பொருளர், செய்தியாளர் நால்வரும் பிள்ளைகளே. முதல் இருபது நிமிடம் அலுவல், பிறகு ஒருவர் செய்து காட்டல், கடைசியில் விளையாட்டு. எந்தக் கூட்டத்திலும் பெரியவர் இருவருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

செய்து காட்டலுக்கு ஏழு நிமிடம் போதும். தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும்: ‘கோழி வளர்ப்பு’ வேண்டாம், ‘தண்ணீர்க் குவளையை முதுகு மட்டத்துக்கு உயர்த்துவது’ என்று இருக்கட்டும். கை வேலை செய்யும்போதே வாயும் அதைச் சொல்ல வேண்டும். பழகாத பிள்ளை கை ஓடும்போது பேச்சை நிறுத்திவிடும். பேச்சை மனப்பாடம் செய்யவிடாமல், பொருள்களை வரிசைப்படி தட்டில் அடுக்கச் சொல்லுங்கள். அந்த வரிசையே நினைவூட்டும்.

கண்காட்சி நாள்

முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வரிசைப்படுத்தினால் மற்றவர்கள் அழுதுகொண்டு போவார்கள். டேனிஷ் முறை என்று அறியப்படும் வழியில் ஒவ்வொருவரையும் எழுதிவைத்த அளவுகோலோடு மட்டும் ஒப்பிடுவார்கள். எட்டினால் நீல நாடா, சிறு குறை இருந்தால் சிவப்பு, பெருங்குறை இருந்தால் வெள்ளை. எல்லாரும் நீலம் வாங்கவும் வழி உண்டு. அளவுகோலைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

கண்ணைப் பழக்க வேறொரு போட்டி இருக்கிறது. நான்கு கோழிகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்து, நல்லதிலிருந்து வரிசைப்படுத்தச் சொல்வது. 24 வரிசைகள் சாத்தியம். நடுவர் தன் வரிசையையும், அடுத்தடுத்து நிற்கும் இணைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கு எண்ணையும் முன்பே எழுதிவைப்பார். வரிசை 3-1-4-2, வேறுபாடு 3, 5, 2 என்று கொள்வோம். முழு மதிப்பெண் 50. முதல் இரண்டை மாற்றி வைத்த பிள்ளைக்கு 3 குறைந்து 47. நடு இரண்டை மாற்றியவருக்கு 5 குறைந்து 45. தலைகீழாக வைத்தால் ஆறு இணையும் தவறு: 3, 5, 2, 8, 7, 10 கூட்டி 35 போக 15. நெருக்கமான இணையில் தவறினால் சிறிது இழப்பு, பளிச்சென்று தெரிவதில் தவறினால் பெரிய இழப்பு. பிறகு ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்க வேண்டும். சில பிள்ளைகள் தப்பான வரிசைக்குச் சரியான காரணம் சொல்வார்கள், அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

செய்தியாளர் மறுநாளே எழுதிவிட வேண்டும். முதல் வாக்கியத்தில் யார், என்ன செய்தார், எங்கே, எப்போது. சிறப்பு விருந்தினர் பட்டியல் கடைசியில். படத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைக்காமல் தராசின் முன் நிறுத்துங்கள். பெற்றோரின் அனுமதி இல்லாமல் படம் வெளியே போகக் கூடாது. முகவரியோ தனியாக வீடு திரும்பும் நேரமோ எந்தச் செய்தியிலும் வரக் கூடாது.

கண்காட்சிக்குப் போன கோழியை அன்றே வீட்டுக் கோழிகளோடு விடாதீர்கள். பத்து வீட்டுக் கோழி ஒரே கூரையின் கீழ் இருந்த நாள் அது. இரண்டு வாரம் தனிக் கூண்டு, தனித் தட்டு. தீவனம் போடும்போது வீட்டுக் கோழிகளுக்கு முதலில், தனிக் கூண்டுக்குக் கடைசியில். கூண்டைக் கழுவி வெயிலில் காய வைத்த நாளையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.