கொழுந்து எடுக்கும் கை ராத்திரியில் மரத்துப்போனால்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் கை மரத்துப்போனால் குளிரின் மேல் பழியைப் போட்டு, தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். முதலில் எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. அங்கே எலும்புக்கும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில் அந்த நரம்போடு விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் போகின்றன. நாள் முழுக்கக் கொழுந்து வெட்டும் கத்தரியை இறுக்கிப் பிடித்தால் நாண்களின் உறை தடிக்கும், நரம்புக்கு இடம் போதாது. சர்க்கரை, தைராய்டு குறைவு, மூட்டுவாதம், கர்ப்பம் இவற்றிலும் இது வரும்.

நடுராத்திரி விழித்துக் கையை உதறினால் தணிகிறதா? அது வலுவான அடையாளம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க 60 விநாடி வையுங்கள். அதே விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் உறுதிப்படும். வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல.

தூங்கும்போது மணிக்கட்டு மடங்கினாலே நரம்பு அழுந்தும். அதனால் மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும், தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை போட்டுத் தூங்குங்கள், குறைந்தது 6 வாரம். பலருக்குப் பலன் கிடைக்காததற்குப் பட்டையே காரணமாக இருக்கும்: கடையில் விற்பவற்றில் உள்ள தகடு பெரும்பாலும் கையைப் பின்பக்கம் வளைத்தே வைக்கும். தகட்டை உருவி, நேராக நிமிர்த்திச் செருகுங்கள். பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். பகலில் கத்தரியைச் சாணை பிடித்தே வைத்திருங்கள். மழுங்கின அலகுக்கு கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

டம்ளர் நழுவுகிறது, பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரலின் அடிச்சதை வற்றுகிறது என்றால் பட்டையோடு நாள் கடத்தக் கூடாது. நரம்பு மின்னோட்டப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மணிக்கட்டுக்குள் இருக்கும் அந்தக் கெட்டி நார்ப்பட்டையை அறுத்து விடுவார்கள். சதை வற்றியபின் செய்தால் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஸ்டீராய்டு ஊசி வலியைத் தணிக்கும், ஆனால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும்.

சுண்டுவிரல் மரத்தால் பார்க்க வேண்டிய இடம் முழங்கை. ராத்திரி அதை மடக்காமலிருக்கத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். முழங்கையின் உள்பக்க நரம்பு கயிறுபோல் தடித்து, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிர்த்தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கும்.